பதினாறாம் நாள் பிராக்டிகல்

பஸ்ஸு சன்னலச் சாத்தப் போறீங்களாக்கா? எனக்குக் காத்து வேணும். சரி, நீங்க சாத்தணும்னா சாத்திக்கங்க. எதிராளியோட சௌகரியந்தான் முதல்ல, நம்ம சௌகரியம் அப்புறந்தான். இது நானாச் சொல்லல, பாடத்துலயே இருக்கு. முதல் செமஸ்டர், மூணாவது பாடம்.

ஆமாக்கா, படிக்கிறேன். ஏன் சிரிக்கிறீங்க? முப்பத்தொம்போது வயசுல படிக்கக் கூடாதா? தேனியில சாயங்கால காலேஜு, ரெண்டு வருசம். ஹாஸ்பிடாலிட்டி, டூரிசம், ஈவண்ட் மேனேஜ்மெண்ட். எங்க வீட்டுக்காரருக்கு இத ஒரு மூச்சுல சொல்ல வராது. "என் பொண்டாட்டி விருந்தாளிப் படிப்பு படிக்கிறா"ன்னு சின்னமனூர் பூராச் சொல்லி வச்சிருக்காரு. அவருக்குப் பந்தலு, பாத்திரம் வாடகைக்கு விடுற கடை. பேரு சுருளிவேலு. நல்ல மனுசன், ஆனா ஒரு வார்த்த பொய் சொல்ல மாட்டாரு. அதுதான் இப்ப எனக்குக் கஷ்டமாப் போச்சு. அத அப்புறம் சொல்றேன்.

நான் நாகஜோதி. கல்யாணமாகி இருவது வருசமாச்சு. இந்த இருவது வருசத்துல இந்தப் பக்கத்துல நடந்த அத்தன விசேஷத்துக்கும் நான் போயிருக்கேன். எப்படிப் போவேன்? பின்வாசல் வழியா. அண்டா எத்தன, கரண்டி எத்தன, எந்தக் குத்துவெளக்குல திரி தாங்கி ஒடஞ்சிருக்கு, இதுதான் எனக்குக் கல்யாணம். ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, என்னைய முன்வாசல்ல வச்சு "வாங்க"ன்னு சொன்னதில்ல. சந்தனம் தொட்டதில்ல. பன்னீரு தெளிச்சதில்ல. அந்தப் பன்னீர்ச் செம்பே நம்ம கடைச் செம்பு, பாத்துக்கங்க.

அதான் படிக்கப் போனேன். மேகமலை போற வழியில புதுசா ஒரு ரிசார்ட்டு வருது. அதுல விசேஷங்களப் பாத்துக்கிற அசிஸ்டெண்ட் மேனேஜரு வேல. கோட்டுப் போட்டுக்கிட்டு முன்வாசல்ல நிக்கிற வேலைக்கா! ஏப்ரல் அஞ்சாந் தேதிக்குள்ள சர்ட்டிபிகேட்டோட வந்தா உனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. எழுத்துப் பரீட்ச அம்புட்டும் பாஸு. பிராக்டிகல் ஒண்ணுதான் பாக்கி.

பிராக்டிகல்னா சும்மா இல்ல. நூத்தம்பது பேருக்குக் கொறையாம வர்ற நெசமான விசேஷம் ஒண்ண நாமளே எடுத்து நடத்தணும். மதுரையிலருந்து பிரபுதாஸ் சாரு வந்து பாத்து மார்க்குப் போடுவாரு. விசேஷ வீட்டுக்காரங்க, அதாவது ஹோஸ்ட்டு, திருப்தின்னு கடைசித் தாள்ல கையெழுத்துப் போடணும். அது இல்லாட்டி மத்த மார்க்கெல்லாம் செல்லாது.

மொதல்ல ஒரு காதுகுத்து புடிச்சேன். புள்ளைய எந்தத் தாய்மாமன் மடியில உக்கார வைக்கிறதுன்னு ரெண்டு மாமனுக்கும் சண்ட. கடைசியில வலது காத இந்த மண்டபத்துல ஒரு மாமன் மடியில வச்சும், எடது காத எதுத்த மண்டபத்துல இன்னொரு மாமன் மடியில வச்சும் குத்துனாங்க. இங்க எம்பது பேரு, அங்க எம்பது பேரு. நான் நடுரோட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறேன். சாரு சொல்லிட்டாரு, "ரெண்டு வாசல் ஆயிருச்சும்மா, கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது"ன்னு. பெறகு தையில ஒரு கல்யாணம். அது நல்லா நடந்திருக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் முந்தின நாளே வீரபாண்டிக் கோயில்ல போயித் தாலி கட்டிக்கிட்டாங்க. வேற யாரு கூடவும் ஓடலக்கா, அதே பொண்ணு, அதே மாப்பிள்ள. நான் வச்ச ஒத்திகையத் தாங்க முடியலையாம். நாலே நாலு ஒத்திகைதான் வச்சேன்.

மார்ச்சு பொறந்துருச்சு. முப்பத்தொண்ணாந் தேதி கடைசி. இல்லாட்டி அடுத்த வருசம் மறுபடியும் மொதல்லருந்து. அந்த நேரத்துல பாருங்க, எங்க பெரியப்பாவ ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாங்க. "வீட்டுக்குக் கூட்டிப் போயிருங்க, ஒரு வாரம் தாண்டாது"ன்னாங்க. சொல்லக் கூடாதுதான், ஆனா கும்புடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி ஆயிருச்சு.

அப்படிப் பாக்காதீங்கக்கா. அவரு எனக்கு அப்பா மாதிரி. எங்கப்பா சின்னதுலயே போயிட்டாரு. என்னையும் என் தம்பியையும் வளத்தது தவசிப் பெரியப்பாவும் குருவம்மாப் பெரியம்மாவுந்தான். அவுங்களுக்குப் பிள்ளைக இல்ல. என்னையக் கட்டிக் குடுத்ததும் அவருதான். அந்தப் பாசத்தோடதான் நான் கணக்குப் போட்டேன். ஒரு வாரம், அதுக்கு மேல கருமாதி வரைக்கும் பதினாறு நாளு. இருவத்தஞ்சு, இருவத்தாறுக்குள்ள முடிஞ்சிரும். தினமும் வெளக்கேத்திக் கும்புட்டேன். அவரு இன்னும் நாளு கெடக்கணும்னும் கும்புட்டேன், தேதி தப்பிறக் கூடாதுன்னும் கும்புட்டேன். சாமி எதக் கேட்டுச்சுன்னு தெரியல.

வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். "எரியிற வீட்டுல புடுங்குனது லாபம்னு நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு மகளா?"ன்னாரு. நான் சொன்னேன், "படிச்சவுக பேச்சுல தலையிடாதீங்க."

பாடப்படி மொதல்ல வாடிக்கையாளர நேர்ல பாத்து, என்ன எதிர்பாக்குறீங்கன்னு கேக்கணும். நோட்டு எடுத்துக்கிட்டுப் போயிக் கட்டில் பக்கத்துல உக்காந்தேன். "பெரியப்பா, உங்க காரியத்த நான் எடுத்து நடத்தலாமா?"ன்னு கேட்டேன். "பாஸாயிருவியா?"ன்னு கேட்டாரு. "ஆயிருவேன்"னேன். "அப்ப நடத்திக்க"ன்னாரு. "எதிர்பார்ப்பு ஏதும் இருக்கா?"ன்னேன். "வடை சூடா இருக்கணும். ஆறுன வடையத் தின்னுட்டு எவனும் என்னைய நெனைக்கக் கூடாது"ன்னாரு. எழுதிக்கிட்டேன். பெரியம்மா அடுப்படியில நின்னுச்சு. அதுகிட்ட ஒண்ணும் கேக்கல. ஹோஸ்ட்டுகிட்டக் கேக்கச் சொல்லிப் பாடத்துல தனியாப் போடல.

மார்ச்சு ஒம்போது, வெடியக்கால போயிட்டாரு. சரியான தேதி. அன்னைக்கு நான் அழுதேனான்னு கேட்டீங்கன்னா, அழுகல. எனக்கு இருவத்தஞ்சு சாமான் ஏற்பாடு பண்ண வேண்டியிருந்துச்சு.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் பாத்திரம் எறக்குன எந்த விசேஷத்துக்கு வந்தாலும் பெரியப்பா முன்வாசல்ல சந்தனத்தத் தொட்டுட்டு, நேரா பின்பக்கம் அண்டாப் பக்கத்துக்கு வருவாரு. "ஏத்தா, சாப்பிட்டியா?" அம்புட்டுத்தான். கேட்டுட்டுப் போயிருவாரு. வேற எவனும் கேட்டதில்ல. இருவது வருசமும் கேட்டாரு. சரி, அது எதுக்கு இப்ப.

கருமாதி அன்னைக்கு, இருவத்தஞ்சாந் தேதி. காலேஜுலருந்து என்கூடப் படிக்கிற ரெஜினாவும் ஷகிலாவும் வந்தாங்க, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு. வாசல்ல நிக்க வேண்டியவுக. பாடப்படி, வர்றவுக வாசப்படி ஏறுன பத்து செகண்டுக்குள்ள சிரிச்ச மொகமா "வணக்கம், வாங்க"ன்னு சொல்லணும். பத்து மார்க்கு. ரெஜினா தயங்குனா. "அக்கா, எழவு வீட்டுல வாங்கன்னு சொல்லலாமா?"ன்னா. ஏன், எனக்குத் தெரியாதா? துக்க வீட்டுல யாரும் வாங்கன்னும் கூப்பிடக் கூடாது, போறவுக போயிட்டு வர்றேன்னும் சொல்லக் கூடாது. பொறந்த புள்ளைக்குத் தெரியும். ஆனா சிலபஸ்ல "துக்க வீடு நீங்கலாக"ன்னு போடலையே! போட்டிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்? எங்க காலேஜு மேடத்துக்குப் போனப் போட்டே கேட்டேன். அவுங்க மெட்ராசு. "விருந்தினர் எந்த மனநிலையில வந்தாலும் நம்ம புன்னகை மாறக் கூடாது"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

மொதல்ல வந்தது பாண்டியம்மா அத்த. பெரியப்பாவோட கூடப் பெறந்த தங்கச்சி. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. தலையவிரிச்சுப் போட்டுக்கிட்டு, வாயத் தெறந்து அழுக ஆரம்பிக்கப் போகுது, ரெஜினா கையெடுத்துக் கும்புட்டு, "வணக்கம்மா! வாங்க வாங்க!"ன்னுட்டா. ஷகிலா பன்னீரு தெளிச்சா.

அத்த அப்படியே நின்னுருச்சு. வந்த அழுக உள்ள போயிருச்சு.

"ஏண்டி, எங்கண்ணன் செத்த வீட்டுக்கு என்னைய வான்னு கூப்பிடுறியா? இன்னும் எத்தன எழவுக்கு நான் வரணும்?"

நான் ஓடிப் போயி, "அத்த, அது மார்க்குக்காக"ன்னேன். அத்த யோசிச்சுச்சு. பெறகு ஊருக்கே கேக்குற மாதிரி ஒரு தீர்ப்புச் சொல்லுச்சு. "கூப்பிட்டு வந்த காலோட உள்ள போகக் கூடாது. வீட்டுக்குப் போயி, காலக் கழுவிட்டு, யாரும் கூப்பிடாம மறுபடி வரணும். அப்பத்தான் அது கழியும்." அப்படி ஒரு வழக்கம் எங்கயாச்சும் இருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அத்த அந்த எடத்துலயே செஞ்சதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா சொல்லிட்டு விறுவிறுன்னு திரும்பிப் போயிருச்சு. பின்னாடி வந்தவுகளுக்கும் ரெஜினா "வாங்க"ன்னுட்டா. "பாண்டியம்மாளே திரும்பிப் போயிட்டா, நாம உள்ள போனா நல்லாருக்காது"ன்னு அவுங்களும் போயிட்டாங்க. தெருவுல பாதிப் பேரு வர்றாங்க, பாதிப் பேரு போறாங்க.

நிப்பாட்டியிருக்கலாமே, வாங்கன்னு சொல்லாம விட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. பத்து மார்க்குக்கா! நான் ரெஜினாகிட்டச் சொல்லிட்டேன், "மொதத் தடவ வாங்கன்னு சொல்லு. ரெண்டாந் தடவ வந்தா மூச்சு விடாத, தரையப் பாரு." இதுக்குப் பேருதான் மேனேஜ்மெண்ட். ஷகிலா வாசல்ல ரெஜிஸ்தரு வச்சு ஒவ்வொரு தல வாசப்படி ஏறும்போதும் ஒரு கோடு போட்டா.

பதினோரு மணிக்குப் பிரபுதாஸ் சாரு வந்தாரு. அவருக்கும் "வாங்க" சொல்லியாச்சு. அத்த விடல. "நீங்களும் போயிட்டு வாங்க"ன்னுருச்சு. "நான் மதுரையிலருந்து வர்றேன்மா"ன்னாரு சாரு. மதுரைக்கே போயிட்டு வர முடியுமா? அதனால டீக்கட முக்கு வரைக்கும் போயி, காலக் கழுவிட்டு வந்தா போதும்னு அத்த எறங்கி வந்துச்சு. சாரும் பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டுக் கழுவிட்டு வந்தாரு.

இனிமேத்தான் விசேஷம். உள்ளபடிக்கு வந்தது தொண்ணூத்தி நாலு பேரு. அய்யோ, நூத்தம்பது வரலையேன்னு நான் வாசலுக்கும் பந்தலுக்கும் நடக்குறேன். சாரு ரெஜிஸ்தர எடுத்துக் கோட எண்ணுறாரு. நூத்தியெம்பத்தெட்டு! எல்லாருந்தான் ரெண்டு தடவ வந்திருக்காங்களே. "ஒரே ஆளு ரெண்டு கோடு வாங்கியிருந்தா?"ன்னு அவரே கேட்டுக்கிட்டு, விதிப் பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்தாரு. ஒரே நாளு, ஒரே வாசலு, வாசப்படி ஏறுன தல எத்தனங்குறதுதான் கணக்காம். பாஸு! "கூட்டம் ஒரு எடத்துலகூட தேங்கல, போக்குவரத்து நல்லா அமைச்சிருக்கீங்க"ன்னு அதுக்குத் தனியா அஞ்சு மார்க்கு வேற போட்டாரு.

மத்ததெல்லாம் ஒண்ணுங் கொறையில்ல. விசேஷத்துக்கு ஒரு தீம் வேணும், அதுக்கு "பசும"ன்னு வச்சேன். பந்தல் துணியெல்லாம் பச்ச. பெரியம்மாவுக்கு நெஞ்சுல ஒரு ரிப்பன் குத்தி விட்டேன், "ஹோஸ்ட்"னு எழுதி. சாருக்கு அடையாளம் தெரியணும்ல. அது செவத்தோட சாஞ்சு உக்காந்துருந்துச்சு. வடை கடைசிப் பந்தி வரைக்கும் சூடு. போறவுகளுக்குத் தாம்பூலத்துக்குப் பதிலா ஒரு தாளும் பென்சிலும் குடுத்துக் கருத்து எழுதச் சொன்னேன். ஒருத்தரு, "சாம்பார் அருமை, இறந்தவர் குடுத்து வைத்தவர்"னு எழுதியிருந்தாரு. இன்னொருத்தரு அஞ்சுக்கு நாலு நட்சத்திரம் போட்டு, "அழுவதற்கு இடவசதி போதாது"ன்னு எழுதியிருந்தாரு. ரெஜினா வாசல்ல நின்னு, "உங்கள் வருகை எங்கள் பாக்கியம், மீண்டும் வருக"ன்னு சொல்லி அனுப்புனா. ஒரு பெரியவரு நின்னு, "அடுத்தது யாருத்தா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

நாலு மணிக்குக் கூட்டம் பூராக் கலஞ்சிருச்சு. சாரு கடைசித் தாள எங்கிட்டக் குடுத்து, "ஹோஸ்ட் கையெழுத்த மட்டும் வாங்கி, முப்பத்தொண்ணு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆபீசுல குடுத்துருங்க. நல்லாப் பண்ணீங்க"ன்னு கெளம்பிட்டாரு. எனக்கு ரெக்க மொளச்ச மாதிரி இருந்துச்சு. பெரியம்மாகிட்டப் போயி உக்காந்தேன்.

"பெரியம்மா, இதுல ஒரு கையெழுத்து."

"என்னத்தா இது?"

"காரியம் உனக்குத் திருப்தியா நடந்துச்சான்னு."

அது அஞ்சாப்பு வரைக்கும் படிச்சது. எழுத்துக் கூட்டி மெதுவாப் படிச்சுச்சு. பெறகு கேட்டுச்சு. "எத்தன பேர வாங்கன்னு கூப்பிட்டீக?"

"தொண்ணூத்தி நாலு பேரு."

"அம்புட்டுப் பேரும் வந்தாகளா?"

"வந்தாங்க பெரியம்மா. ரெண்டு ரெண்டு தடவ வந்தாங்க."

"அப்ப அந்த மனுசனையும் ஒருக்கா கூப்பிடு. நானும் பதினாறு நாளாக் கூப்பிடுறேன், வர மாட்டேங்குறாரு. நீ படிச்சவ. நீ கூப்பிட்டா வருவாரு. கூப்பிடு, கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

நான் சிரிச்சேன். அது சிரிக்கல. நெசமாத்தான் சொல்லுது. சரி, ஒரு வார்த்ததானே, அன்னைக்குக் காலையிலருந்து அந்த வீட்டுல ஊருக்கே சொன்ன வார்த்த. எந்திரிச்சு வாசலுக்குப் போனேன். கைய எடுத்துக் கும்புட்டேன். பாடத்துல சொன்ன மாதிரியே மொகத்த வச்சுக்கிட்டேன். தெரு காலியாக் கெடக்கு. வாயத் தெறக்குறேன், வரலக்கா.

தொண்ட கட்டிருச்சுன்னு நெனச்சேன். அன்னைக்குப் பூராக் கத்திருக்கேன்ல. மறுநாளு சுடுதண்ணி குடிச்சுட்டுப் போனேன். வரல. அதுக்கு அடுத்த நாளும் போனேன். பெரியம்மா ஒண்ணும் கோவிக்கல, "வாசப்படியில நில்லுத்தா, உள்ள நின்னா அவருக்குக் கேக்காது"ன்னு எடத்த வேற மாத்தி மாத்திக் காட்டுது. தனியா வயக்காட்டுல போயி நின்னுகூடச் சொல்லிப் பாத்தேன். "வாங்க"ன்னு வருது. "பெரியப்பா"ன்னும் வருது. ரெண்டையும் சேத்து மட்டும் வர மாட்டேங்குது. பேயா வந்துருவாருன்னு பயமில்லக்கா. எனக்கென்ன பயம் அவர்கிட்ட? கூப்பிட்டு வரலைன்னா? நாங் கூப்பிட்டும் வரலைன்னா, அப்ப நெசமாவே போயிட்டாருன்னுதானே அர்த்தம்?

இன்னைக்குக் காலையிலயும் போயிட்டுத்தான் வர்றேன். தேதி முப்பத்தொண்ணு. இப்ப மணி மூணே முக்கா. வீரபாண்டி தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல தேனி.

அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு. இந்தாங்க, இதுதான் தாளு. இந்தக் கோட்டுக்கு மேல. நானே போட்டுருவேன், ஆனா ரெக்கார்டு நோட்டு பூரா என் கையெழுத்துதான், ஆபீசுல கண்டுபுடிச்சுருவாங்க. எங்க வீட்டுக்காரருதான் பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னேன்ல. உங்கள யாருக்குத் தெரியும்? குருவம்மா. அவ்வளவுதான். கூனா, ரூனா, அப்புறம் வம்மா. கொஞ்சம் கை நடுங்குன மாதிரி எழுதுங்க, வயசானவுக கையெழுத்துல்ல. பேனா இந்தாங்க.

என்னக்கா? நீங்க எதுக்கு இப்ப அழுகுறீங்க? உங்களுக்கு அவர யாருன்னே தெரியாதே. சரி அழுங்க, ஆனா தாள்ல படாமப் பாத்துக்கங்க, அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்.